எந்தப் பக்கத்தில் மூடி வைத்தீர்கள்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களாகச் சிறுகதை எழுதுகிறீர்கள். இப்போது முதல் நாவலை முடித்து, தெரிந்தவர்களுக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறீர்கள். பெரும்பாலோர் "அருமை", "சூப்பர், தொடர்ந்து எழுதுங்க" என்றார்கள். ஒருவர் மட்டும் "நடுவுல ரொம்ப இழுவை" என்றார். அந்த ஒரு வார்த்தை உங்களை எழுதவிடாமல் உட்காரவைத்துவிட்டது. வாசகர் கருத்தால் எழுத்து உண்மையிலேயே மேம்படுமா, யார் பேச்சையும் கேட்காமல் நம் போக்கில் எழுதுவதுதான் நல்லதா, கேட்பதென்றால் யாரைக் கேட்பது என்கிறீர்கள்.

மேம்படும். நான் கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையில் நெடுநாளாக இருப்பவன். ஒரு நல்ல வாசகர் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தால் ஒரு நாவல் முழுவதும் சரியாகி வந்ததைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு "அருமை" சொன்ன அத்தனை பேரையும்விட "இழுவை" என்றவர்தான் அதிகம் கொடுத்திருக்கிறார். ஆனால் பாதியைத்தான் கொடுத்திருக்கிறார், மீதியை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். "எந்தப் பக்கத்தில் மூடி வைத்தீர்கள்? மறுபடி எப்போது எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். "ஏன் இழுவை?" என்று கேட்காதீர்கள். ஏன் என்று கேட்டால் அவர் உங்களுக்காகக் காரணம் தேட ஆரம்பித்துவிடுவார். "வர்ணனை அதிகம்" என்பார், "வசனம் கம்மி" என்பார். அது சரியாகவும் இருக்கலாம், அந்த நேரத்துக்கு வாயில் வந்ததாகவும் இருக்கலாம். எந்த இடத்தில் சலித்தது என்பது மட்டும் அவருக்கு உறுதியாகத் தெரியும்.

எழுதியவருக்கு ஏன் இன்னொரு கண் தேவைப்படுகிறது? அவருக்கு அளவுக்கு மீறித் தெரிந்திருக்கிறது, அதனால்தான். உங்கள் நாயகியின் அக்கா எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள், அப்பா ஏன் பேசாமல் போனார் என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் இருக்கிறது. தாளில் எழுத மறந்திருந்தாலும், படிக்கும்போது அதையும் சேர்த்தே படித்துவிடுகிறீர்கள். வாசகருக்குத் தாளில் இருப்பது மட்டும்தான் கிடைக்கிறது. எத்தனை முறை திருத்தினாலும் இந்த இடைவெளி நம் கண்ணில் படாது. கைப்பிரதியை ஆறு மாதம் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு எடுத்தால் ஓரளவு தெரியும் என்பார்கள். உண்மைதான், ஆனால் ஓரளவுதான்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. 1924 அக்டோபர் கடைசியில் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் ஃபிரான்ஸிலிருந்து 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலின் கைப்பிரதியை நியூயார்க்கின் ஸ்க்ரிப்னர்ஸ் பதிப்பகத்துக்கு அனுப்பினார். படித்தவர் மேக்ஸ்வெல் பெர்க்கின்ஸ், அங்கே எடிட்டர். நவம்பர் 20ஆம் தேதி அவர் எழுதிய கடிதத்தைக் கருத்துச் சொல்ல விரும்பும் எவரும் படிக்க வேண்டும். நாவலை உளமாரப் பாராட்டுகிறார். எது பிடித்தது என்பதைக் காட்சி காட்சியாகச் சொல்லிப் பாராட்டுகிறார். அதோடு ஒரு குறையையும் தயங்காமல் சொல்கிறார்: மற்ற பாத்திரங்கள் உயிரோட்டமாக இருக்கிறார்கள், டாம் புக்கானனைத் தெருவில் பார்த்தால்கூட அடையாளம் தெரியும், நாயகன் கேட்ஸ்பி மட்டும் மங்கலாக இருக்கிறான், வாசகரின் கண் அவன்மீது நிலைத்து நிற்க முடியவில்லை. இன்னொன்று, அவனுக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று எல்லா வாசகரும் யோசிப்பார்கள்.

அதற்கு ரோமிலிருந்து ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதிய பதில்தான் எனக்கு முக்கியம். கேட்ஸ்பி பார்க்க எப்படி இருப்பான், என்ன தொழில் செய்தான் என்பது எனக்கே தெரியாது, அதை நீங்கள் உணர்ந்துவிட்டீர்கள் என்று ஒப்புக்கொள்கிறார். எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள். மங்கல் தாளில் மட்டும் இல்லை, எழுதியவர் மனசுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அது இருக்கிறது என்பதே ஒரு வாசகர் சொல்லித்தான் முழுசாகத் தெரியவருகிறது. அப்புறம் அவர் உட்கார்ந்து வேலை செய்தார். அந்தக் காலத்தின் ஒரு பங்குத் தரகு மோசடி வழக்கை மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். மனைவி ஜெல்டாவை விரல் வலிக்கும்வரை படம் வரையச் சொன்னார். இப்போது என் குழந்தையைவிடக் கேட்ஸ்பியை எனக்கு நன்றாகத் தெரியும் என்று எழுதினார். அச்சுப்படியிலேயே அத்தியாயங்களை மாற்றி எழுதி, கேட்ஸ்பியின் பழைய கதையை முன்பின்னாக நகர்த்தினார். 1925 ஏப்ரலில் புத்தகம் வந்தது.

பெர்க்கின்ஸ் சில யோசனைகளும் சொல்லியிருந்தார். ஆனால் அந்தக் கடிதத்தின் பலம் யோசனையில் இல்லை. "படிக்கும்போது எனக்கு இப்படி ஆனது" என்று நேர்மையாகச் சொன்னதில் இருக்கிறது. வாசகர் சொல்வதில் நான் எப்போதும் நம்புவது இதைத்தான். "இந்த இடத்தில் குழம்பினேன்", "இங்கே அழுதுவிட்டேன்", "அந்தத் தம்பி திடீர்னு எங்கே போனான்?" என்பவை நடந்த விஷயங்கள். அவற்றோடு விவாதம் செய்ய முடியாது. "தெளிவாத்தானே எழுதியிருக்கேன்" என்று நீங்கள் சொன்னால் அவர் குழம்பியது குழம்பாததாகிவிடுமா? தீர்வு மட்டும் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஐம்பதாம் பக்கத்தில் வாசகருக்கு அலுப்புத் தட்டினால், காரணம் பத்தாம் பக்கத்தில் இருக்கலாம். அங்கே போட வேண்டிய ஒரு முடிச்சைப் போடாமல் விட்டிருப்பீர்கள். அதை வாசகரால் கண்டுபிடிக்க முடியாது. நாவல் முழுவதையும் தூக்கிச் சுமந்த உங்களால்தான் முடியும்.

தீர்வையும் வாசகரிடமிருந்தே வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு டிக்கன்ஸ் இருக்கிறார். 1861இல் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் கடைசி அத்தியாயத்தை அச்சுப்படியில் படித்த நண்பர் புல்வர் லிட்டன், முடிவை மாற்றும்படி வற்புறுத்தினார். அவரும் அன்று புகழ்பெற்ற நாவலாசிரியர். நாயகன் பிப்பும் அவன் காதலித்த எஸ்டெல்லாவும் தற்செயலாகச் சந்தித்துப் பிரிந்துபோகும் முடிவை எடுத்துவிட்டு, அவர்கள் சேரலாம் என்ற நம்பிக்கை தொனிக்கும் முடிவை டிக்கன்ஸ் எழுதினார். முதலில் எழுதியதை ஜான் ஃபார்ஸ்டர் பின்னால் தான் எழுதிய டிக்கன்ஸின் வாழ்க்கை வரலாற்றில் வெளியிட்டார். எது சரியான முடிவு என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. எனக்குப் பழைய முடிவுதான் அந்த நாவலோடு ஒட்டுகிறது.

பாராட்டை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். காரணத்தோடு வரும் பாராட்டு, குறை சொல்வதைப்போலவே ஒரு தகவல். எதை வெட்டக் கூடாது என்று அது சொல்கிறது. 1886 மார்ச்சில் கிரிகோரோவிச் என்ற மூத்த ரஷ்ய எழுத்தாளர், செகாவ் என்ற 26 வயது டாக்டருக்குக் கடிதம் எழுதினார். செகாவ் அப்போது குடும்பத்தைக் காப்பாற்றப் புனைபெயரில் நகைச்சுவைத் துணுக்குகளை அள்ளி எழுதிக்கொண்டிருந்தார். உங்களிடம் உண்மையான திறமை இருக்கிறது, அதை மதியுங்கள், அவசர அவசரமாக எழுதுவதை நிறுத்துங்கள், பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை என்று எழுதினார் கிரிகோரோவிச். செகாவ் பதிலில் நெகிழ்ந்துபோகிறார். எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் செலவழித்ததாக நினைவே இல்லை, நீங்கள் பாராட்டிய கதையைக் குளிக்கும் கொட்டகையில் உட்கார்ந்து எழுதினேன் என்கிறார். இரண்டே ஆண்டுகளில் 'ஸ்டெப்பி' என்ற நெடுங்கதை வந்தது. ஒரே கடிதத்தால் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன், மாற்றம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. ஆனால் பாராட்டும் கண்டிப்பும் ஒரே மூச்சில் வரும்போது அது எழுதுபவரின் உள்ளே இறங்கிவிடுகிறது.

சரி, யாரிடம் கொடுப்பது? வீட்டில் இருப்பவர்களிடம் கொடுங்கள், அவர்கள் உற்சாகம் தருவார்கள், அது வேண்டியதுதான். ஆனால் கதையைப் படிக்கும்போது அவர்கள் உங்களையும் சேர்த்தே படிக்கிறார்கள். "இந்த மாமியார் என்னைப் பத்தியா?" என்ற எண்ணம் அவர்கள் மனசில் ஓடிக்கொண்டிருக்கும். சக எழுத்தாளர்களிடம் கொடுத்தால் வேறு சிக்கல். தாங்கள் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்போம் என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். இவர்களுக்கு நடுவில், நாவல் படிக்கும் பழக்கம் உள்ள, உங்களுக்கு எந்தக் கடமையும் இல்லாத ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். நூலகத்தில் பழக்கமானவர், பஸ்ஸில் புத்தகத்தோடு பார்க்கிறவர், யாராக இருந்தாலும் சரி. டோல்கீனின் 'தி ஹாபிட்' கைப்பிரதியை லண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் 1936இல் தன் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்தார். பையன் எழுதித் தந்த சின்ன அறிக்கைக்குக் கூலி ஒரு ஷில்லிங். குழந்தைகளுக்குப் பிடிக்கும், வரைபடங்கள் இருந்தால் படங்கள் தேவையில்லை என்று எழுதினான். அடுத்த ஆண்டு புத்தகம் வெளிவந்தது. யாருக்காக எழுதப்பட்டதோ அவரிடமே கேட்கும் வழி இது.

அப்புறம், துறை தெரிந்தவர். உங்கள் நாவல் நெசவாளர் குடும்பத்தைப் பற்றியது என்றால் தறியில் உட்கார்ந்தவர் ஒருவர் அதைப் படித்தே ஆக வேண்டும். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உழைத்தபோது எத்தனை இலக்கண அறிவு இருந்தும் பல இடங்கள் விளங்கவில்லை. அது சமணக் காப்பியம். கும்பகோணத்தில் அதைப் பாடம் கேட்டுவந்த சமணர்களைத் தேடிப் போய், வீட்டில் உட்கார்ந்து, சந்தேகம் கேட்டுத் தெரிந்துகொண்டார். தமிழாசிரியராக இருந்தவர் அப்படிப் போய்க் கேட்டதால்தான் 1887இல் அந்தப் பதிப்பு அத்தனை நம்பகமாக வந்தது.

அதே பதிப்புக்கு இன்னொரு அனுபவமும் உண்டு, அது உங்கள் "இழுவை" வருத்தத்துக்கு மருந்தாகும். புத்தகம் வெளிவந்ததும் பிழைகள் மலிந்த பதிப்பு என்று சிலர் துண்டுப் பிரசுரம் அச்சிட்டுக் கண்டித்தார்கள். 'என் சரித்திரம்' என்ற தன்வரலாற்றில் ஐயரே அதைக் கண்டனப் புயல் என்கிறார். மனம் நொந்து சமாதானம் எழுதி, கல்லூரியில் உடனிருந்த சாது சேஷையரிடம் காட்டினார். அவர் வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டார். இதற்கெல்லாம் பதில் எழுத ஆரம்பித்தால் அதற்கே காலம் போய்விடும், செய்ய வேண்டிய வேலையைப் பாருங்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். ஐயர் அதைக் கடைசிவரை கடைப்பிடித்தார். பதில் எழுதவில்லையே தவிர, திருத்துவதை நிறுத்தவில்லை. 1907இல் இரண்டாம் பதிப்பு திருத்தங்களோடு வந்தது.

வெளியான புத்தகத்துக்கு வரும் விமர்சனங்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கைப்பிரதிக்குக் கிடைக்கும் கருத்து உங்களுக்காகச் சொல்லப்படுவது. அச்சான புத்தகத்துக்கு ஒருவர் அமேசானிலோ குட்ரீட்ஸிலோ எழுதுவது அடுத்த வாசகருக்காக. அங்கே போய் நீங்கள் விளக்கம் கொடுத்தால், விமர்சனம் எழுதியவர் சங்கடப்படுவார், அடுத்தவர் எழுதவே தயங்குவார். குடும்பத்தினரையும் நெருங்கிய நண்பர்களையும் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வதும் வேண்டாம். அமேசான் விதிமுறையே அதை அனுமதிப்பதில்லை. அதைவிட, பொய்யான ஐந்து நட்சத்திரத்தை நம்பி வாங்கிய வாசகர் அடுத்த தமிழ்ப் புத்தகத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பார். நமக்கு வாசகரே குறைவு. இருப்பவர்களின் நம்பிக்கையை இப்படிச் செலவழிப்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

தமிழில் இந்த விஷயம் இன்னும் அவசரமானது. நம் பதிப்பகங்கள் பலவற்றில் மெய்ப்புப் பார்ப்பவர் இருப்பார், ஒற்றுப்பிழை திருத்துவார். கதை எங்கே தொய்கிறது என்று சொல்லும் எடிட்டர் பெரும்பாலும் இருக்க மாட்டார். 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் எழுத்தாளரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பிரதியைச் செம்மை செய்ததைப் பலரும் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். அவர் 2020இல் மறைந்தார். அப்படி உழைத்தவர்கள் சிலரே. அதனால் நம் எழுத்தாளர்களுக்கு எப்போதும் நண்பர்களும் சிறுபத்திரிகைகளும்தான் அந்த இடத்தை நிரப்பின. சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியபோது விமரிசனத்தைத்தான் முன்னால் வைத்தார். பிரதியைப் பிரித்து அலசிப் பார்ப்பது அவர் முறை. நல்ல வாசகனின் ரசனையை நம்பித் தேர்ந்தெடுப்பது க.நா.சு.வின் முறை. இருவரும் கடுமையாக வேறுபட்டார்கள். ஆனால் நண்பர் எழுதியது என்பதற்காக நல்லது என்று சொல்லிவிடக் கூடாது என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. இன்று வெளியீட்டு விழா மேடைகளில் நாம் இழந்துவருவது அதைத்தான்.

தொடராக எழுதுபவர்களுக்குத் தனியாக ஒன்று. பிரதிலிபி போன்ற தளங்களில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கீழேயே வாசகர்கள் பேசுகிறார்கள். "இவங்களைச் சேர்த்து வைச்சிடுங்க ப்ளீஸ்" என்று கேட்கிறார்கள். அந்த ஆவல் உங்கள் பாத்திரம் உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சாட்சி, சந்தோஷப்படுங்கள், கதையை மட்டும் திருப்பாதீர்கள். 1954இல் பொன்னியின் செல்வன் முடிந்தபோது கதை சட்டென்று நின்றுவிட்டதாகக் குறைப்பட்ட நேயர்கள், இன்னின்னார் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்டார்கள். கல்கி முடிவுரையில் அவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார், ஏன் அங்கே நிறுத்தினேன் என்றும் விளக்கினார். கதையை நீட்டவில்லை.

கணக்கில் எடுத்துக்கொள்ளவே கூடாத ஒரு வகையும் உண்டு: படிக்காமல் சொல்லப்படுவது. 2023 ஜூனில் அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பெர்ட் தன் அடுத்த நாவலை அறிவித்தார். உக்ரைன் போர் நடக்கும் நேரத்தில் கதை ரஷ்யாவின் சைபீரியாவில் நடக்கிறது என்பதற்காக, புத்தகம் வருவதற்கு முன்பே குட்ரீட்ஸில் ஒற்றை நட்சத்திரங்கள் குவிந்தன. வெளியீட்டை அவரே நிறுத்திவைத்தார். நம் ஊரில் பெருமாள்முருகனுக்கு நடந்தது இன்னும் கொடுமை. 2010இல் வந்த அவரது 'மாதொருபாகன்' நாவலின் சில பக்கங்கள் 2014 இறுதியில் நகலெடுத்து விநியோகிக்கப்பட்டன, போராட்டம் வெடித்தது, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் மீண்டும் எழுத வேண்டும் என்று தீர்ப்பளித்தது. புத்தகத்தைப் படித்து, பிடிக்கவில்லை என்று எத்தனை கடுமையாக எழுதினாலும் அது விமர்சனம். படிக்காமல் வருவதைக் கேட்டு நீங்கள் ஒரு கமாவைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

நீங்களும் யாருக்காவது வாசகராக இருப்பீர்கள். நண்பரின் கைப்பிரதியைப் படித்தால் பென்சிலோடு படியுங்கள். நின்ற இடத்தில் ஒரு கோடு, சிரித்த இடத்தில் ஒரு கோடு, திரும்பிப் போய்ப் படித்த இடத்தில் ஒரு கோடு. தீர்ப்பு எழுதாமல் அந்தக் கோடுகளை அப்படியே திருப்பிக் கொடுத்தாலே போதும். உண்மையைச் சொன்னால் நட்பு கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு இது வசதியான வழி. ஏதாவது ஒரு காட்சி உண்மையிலேயே பிடித்திருந்தால் அதையும் எந்த வரி என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் நாவலுக்கு வருகிறேன். ஒருவரிடம் முதல் வாசிப்பு ஒரு தடவைதான் கிடைக்கும். திருத்திய பிரதியை அவரிடமே மறுபடி கொடுத்தால், முன்பு படித்ததும் சேர்ந்தே அவர் நினைவில் ஓடும். அதனால் எல்லோருக்கும் பிடிஎஃப் அனுப்பித் தீர்த்துவிடாதீர்கள். இனிமேல் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் கொடுங்கள். அவர்கள் சொன்னதை நோட்டில் எழுதி வையுங்கள், உடனே கைவைக்காமல் சில நாள் விடுங்கள். ஒருவர் மட்டும் சொன்ன குறையை யோசித்துப் பாருங்கள், மனசுக்குப் படாவிட்டால் விட்டுவிடலாம். ஒருவரை ஒருவர் அறியாத இருவர் ஒரே பக்கத்தில் நின்றிருந்தால் அந்தப் பக்கத்தைத் திருத்தியே ஆக வேண்டும். திருத்தியதை இதுவரை படிக்காத வேறு இருவரிடம் கொடுங்கள். வருகிற குறைகள் ஆளுக்கு ஒரு இடத்தில் சிதறி, ஒன்றோடொன்று ஒத்துவராமல் போகத் தொடங்கினால், அதற்கு மேல் யாரிடமும் கேட்க வேண்டாம். பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டு அடுத்ததை எழுத ஆரம்பியுங்கள்.